செந்தேறலும் எங்கள் பனங்கள்ளும்

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கிலே, போர்தோ மாநகரைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தில், முந்திரிகைக் கொடிகளை வேரோடு பிடுங்கிக் குவித்துத் தீயிட்டு வருகின்றனர். பிடுங்குவோர் பகைவர் அல்லர். அக்கொடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்த்த கமக்காரரே. 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட திட்டமொன்றின்படி, அவ்வாறு பிடுங்கும் நிலத்துக்கு ஹெக்டேயர் ஒன்றுக்கு 6,000 யூரோ உதவிப்பணம். அதே ஆண்டில், வாங்குவாரின்றித் தேங்கிய மதுவை வடித்து வேறு பயன்களுக்கு மாற்றுவதற்கென 200 மில்லியன் யூரோ ஒதுக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 120 லீற்றர் முந்திரிகை மது அருந்தினார் எனக் கணக்கிட்டனர். இன்று அது 40 லீற்றர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கத்திலும் பேரடி விழுந்தது செந்நிற மதுவுக்கே. போதாக்குறைக்கு, 2025இல் அமெரிக்கா ஐரோப்பியச் சரக்குகளின் மேல் 15 சதவீதத் தீர்வையை விதித்தது.

இச்செய்திகளைத் தமிழ் வாசகருக்கு, அதிலும் திருகோணமலை மாவட்டத்தின் இலங்கைத்துறையில் நிகழ்ந்த ஒரு பிற்பகற் பொழுதை முன்னிட்டு எழுதுவானேன் என்று சிலர் வினவுவர். காரணம் இருக்கிறது. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் பல்லாண்டுகளாகப் பிரான்சில் வாழ்கிறார். பாரிசில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் தொடங்கிய அவருடைய வாழ்வு, பின்னர் போர்தோப் பக்கம் திரும்பிற்று. முந்திரிகை அறுவடைக்குக் கூலியாகப் போனவர் மது செய்யும் கொட்டகையிலும் வேலை பழகினார். சென்ற சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்கு வந்தவர், தந்தைக்கு ஒரு போத்தல் செம்மது கொணர்ந்தார். தந்தையார் பனைமரமேறிக் கள்ளிறக்கும் சீவற்றொழிலாளி. எழுபது வயதைத் தொட்டும் ஏறுவதை விட்டாரல்லர். அந்தப் போத்தலைத் திறக்கும்போது நானும் உடனிருக்க வேண்டுமென்று இருவரும் அழைத்தனர்.

முன்னரே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மதுப்பிரியன் அல்லேன். மதுவினால் சிதைந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் சொன்னவன். ஆயினும் அன்று அருந்தினேன். அருந்தியதை மறைத்து எழுதுவது இந்தக் கட்டுரைக்குப் பொருந்தாது.

இலங்கைத்துறை கொட்டியாரப் பற்றின் தென்பாகத்தில், உள்ளே விரிந்த கழி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்துள்ளது. பிரெஞ்சுக்காரருக்கு இக்கரை முற்றிலும் அந்நியமன்று. 1672இல் டி லா ஹே என்னும் தளபதியின் கப்பற்படை கொட்டியாரக் குடாவினுள் புகுந்து சில காலம் தங்கி, ஒல்லாந்தரால் துரத்தப்பட்டது. 1782இல் சுஃப்ரன் என்னும் கடற்படைத் தலைவர் திருகோணமலைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். பின்னர் சமாதான உடன்படிக்கையினால் அது ஒல்லாந்தர் கைக்குத் திரும்பிற்று. அக்காலப் பிரெஞ்சுக் கப்பலாட்களின் நாளாந்த உணவுப் பங்கில் மதுவும் அடங்கியிருந்தது. ஆகவே இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இத்துறையில் பிரான்சின் மதுப்பீப்பாய் வந்திறங்கியிருத்தல் கூடும். அதற்கும் நெடுங்காலம் முன்பே யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் குறித்துள்ளார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டு அகழ்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி உடைசல்கள் கிடைத்தமையையும் மாணவர் அறிவர்.

நிற்க. தேறல் என்னும் அச்சொல்லையே எடுத்துக்கொள்வோம். தேறுதல் என்பது தெளிதல். கலங்கியிருந்தது அடிமண்டி தங்கித் தெளிந்தபின் கிடைப்பது தேறல். என் மாணவர் செம்மது செய்யும் முறையை விளக்கியபோது, அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு தொழிலின் பாதி அடங்கியிருப்பதைக் கண்டு வியந்தேன்.

புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் அங்கே முந்திரிகை பழுக்கிறது. கபர்னே சோவிஞோன், மெர்லோ, கபர்னே பிரான் என்பன போர்தோவின் முதன்மையான கருமுந்திரிகை இனங்கள். குலைகளைக் கொய்து, காம்பு நீக்கி, பழங்களை இலேசாக நசுக்கித் தொட்டியில் இடுவர். பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் எடுத்துவிட்டால் செம்மது உண்டாகாது. கறுத்த பழத்தைப் பிதுக்கிப் பார்த்தால் உள்ளிருக்கும் சதைக்குப் பெரும்பாலும் நிறமில்லை. நிறமெல்லாம் தோலில் இருக்கிறது. எனவே தோலும் விதையும் சாற்றோடு கிடந்து ஊற வேண்டும். செம்மதுவுக்கும் வெண்மதுவுக்கும் உள்ள முதல் வேற்றுமை இந்த ஊறலே.

சில நாட்களில் தொட்டி கொதிப்பதுபோற் பொங்கத் தொடங்குகிறது. மதுவம் என்னும் நுண்ணுயிர் பழத்தின் சர்க்கரையைத் தின்று மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. லீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை அழிந்தால் ஒரு சதவீத மதுசாரம் பிறக்கும் என்பது கொட்டகைக் கணக்கு. வாயு மேலெழும்போது தோல்களையும் தூக்கிக்கொண்டு போய் மேலே தடித்த போர்வைபோல் நிறுத்திவிடுகிறது. அதை அப்படியே விட்டால் காய்ந்து புளித்துப்போம். ஆகையால் அடியிலுள்ள சாற்றை இறைத்து மேலே ஊற்றுவர். அல்லது கோலினால் போர்வையை அமுக்கி நனைப்பர். இறைப்பதுதான் நம் மாணவருக்கு முதன்முதல் கொடுத்த வேலையாம். தொட்டியினுள் இறங்குமுன் காற்றைச் சோதிக்காது இறங்கியவர் பிணமாய் வந்த கதைகள் அங்கே பல உண்டு என்றார். சூட்டை 25 முதல் 30 பாகை வரை வைத்திருக்க வேண்டும். மிஞ்சினால் மதுவம் மாளும்.

இரண்டு மூன்று வாரத்தின் பின் மதுவை வடித்தெடுத்து, எஞ்சிய தோலைச் செக்கிலிட்டதுபோல் அழுத்திப் பிழிந்ததை வேறாக வைப்பர். அதன்பின் மற்றொரு மாற்றம் நிகழ்கிறது. பச்சை அப்பிளில் உள்ளது போன்ற கூரிய புளிப்பை, ஒருவகை நுண்ணுயிர்கள் தயிரில் உள்ள மெல்லிய புளிப்பாக மாற்றுகின்றன. பிறகு ஓக்கு மரப் பீப்பாய். போர்தோப் பீப்பாய் ஒன்று 225 லீற்றர் கொள்ளும். அம்மரப் பலகைகளை ஈராண்டு மூவாண்டு மழையிலும் வெயிலிலும் போட்டு வைத்து, வளைத்து, உட்புறத்தைத் தீயில் வாட்டுவர். மதுவுக்குச் சிறிது புகைமணமும் வனிலா மணமும் வருவது இதனாலேயே.

பீப்பாயில் ஓராண்டு, ஒன்றரையாண்டு, அதற்கு மேலும் மது கிடக்கும். மூன்று மாதத்துக்கொரு முறை மண்டியை அடியில் விட்டுத் தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுவர். வடியும் தாரைக்குப் பின்னே மெழுகுவர்த்தியொன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். தாரையில் கலங்கல் தென்பட்ட கணமே நிறுத்திவிட வேண்டும். கடைசியில் முட்டை வெண்கருவைப் பீப்பாய்க்கு ஐந்தாறு வீதம் அடித்து ஊற்றுவது பழைய வழக்கம். அது மிகையான துவர்ப்பையும் தூசியையும் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும். இவையெல்லாம் தெளிவிக்கும் தொழில். தேறல் செய்யும் தொழில்.

போத்தலைத் திறக்குமுன் மாணவர் செய்த காரியம் எனக்குப் புதுமையாயிருந்தது. அதை வாளியிலிட்டுக் கயிறுகட்டிக் கிணற்றில் இறக்கினார். “இந்த வெக்கைக்குள்ள அப்பிடியே குடிச்சா சாராயம் மாதிரி நாறும், சேர்,” என்றார். பதினாறு பதினெட்டுப் பாகைக்குக் குளிரவேண்டுமாம். எனக்கும் தமக்கும் கண்ணாடிக் குவளை. தந்தையார் ஓலையிற் கோலிய பிளாவையே கேட்டு வாங்கிக்கொண்டார். மகன் தடுத்தார், “உன்ர சாமானை என்ர ஏனத்திலதான் குடிப்பன்,” என்று கிழவர் கேட்டாரில்லை.

முதலிற் பார்க்க வேண்டும். இளம் மது ஊதாச் சாயலுடையது; ஆண்டுகள் செல்லச்செல்ல விளிம்பில் செங்கல் நிறம் கூடும். எங்கள் போத்தல் ஏழாண்டு பழையது; பெருங்கோட்டைகளின் பெயர் பூண்ட உயர்விலைச் சரக்கன்று, நடுத்தரமானதே. பின்னர் குவளையைச் சுழற்றி முகர வேண்டும். மேனாட்டு நூல்களில் கறுத்த சிறுபழங்களின் மணம், தேவதாரு மணம், புகையிலை மணம், ஈரமண் மணம் என எழுதியிருப்பர். எனக்கு முதலில் வந்தது நாவற்பழ மணம். சற்றுப் பொறுத்து, சுருட்டுக் கொட்டிலின் மணம். மூன்றாவதாக, முதல் மழைக்குப்பின் வைக்கற்போரடியில் எழும் ஒரு மணம். இவை என் நினைவிலிருந்து எழுந்தனவா, குவளையிலிருந்து எழுந்தனவா என்று கேட்டால் விடை சொல்லமாட்டேன்.

வாயிலிட்டதும் புளிப்பு முந்திற்று. ஆனால் பழப்புளிப்பு, உறுத்தவில்லை. இனிப்பு இல்லை, சர்க்கரையெல்லாம் மதுவத்தின் வயிற்றுக்குப் போய்விட்டதல்லவா! விழுங்கியபின் நாவின் இருமருங்கும் முரசும் உலர்ந்து ஒட்டிக்கொண்டன. கிழவர் பிளாவை இறக்கிவைத்து ஒரே சொல்லில் தீர்ப்பளித்தார்: “துவர்க்குது.”

மகன் வியப்போடு என்னைப் பார்த்தார். அந்தச் சுவையைப் புதிதாய் வந்த வேலையாட்களுக்கு விளக்க அங்கே முதலாளி அரைநாள் எடுத்தாராம். மேனாட்டார் மரபில் நாச்சுவைகள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு என நான்காகவே நெடுங்காலம் எண்ணப்பட்டன. துவர்ப்பை அவர்கள் சுவையாகக் கொள்ளாது, தொடுவுணர்ச்சியாகக் கொள்வர். தனின் என்னும் பொருள் உமிழ்நீரின் புரதத்தோடு பிணைந்து அதன் வழவழப்பைப் போக்கிவிடுவதனால் வாய் உலர்கிறது என்பது விஞ்ஞான விளக்கம். தோலிலும் விதையிலும் மரப்பீப்பாயிலும் இருந்து வருவது இந்தத் தனினே. நமக்கோ அறுசுவையுள் அதுவும் ஒன்று. கொட்டைப்பாக்கு, வாழைப்பூ, நாவற்பழம், மாதுளந்தோல், கடுந்தேயிலை என்று அதன் இனமெல்லாம் அறிந்து உண்டு வளர்ந்தவர் நாம். துவர் என்ற சொல்லுக்குச் செம்மை நிறம் என்றும் பொருள் உண்டு. ஒரு செம்மதுவின் நிறத்தையும் அதன் முதன்மையான சுவையையும் ஒருங்கே சுட்டும் சொல் தமிழில் இருக்க, அதைச் சுவைத்தறிந்து சொன்னவர் எழுத்துக்கூட்டி மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு மரமேறியாய் இருந்தார்.

துவர்ப்பு மதுவின் கூரைச்சட்டம் என்று பிரெஞ்சுத் தொழிலாளர் சொல்வராம். அது இல்லையேல் மது நில்லாது சரியும். ஆண்டுகள் செல்லும்போது அச்சட்டமே மெல்ல இளகி, அடிமண்டியாய் இறங்கி, சுவையை மென்மையாக்குகிறது. இளமையில் உறுத்துவது முதுமையில் மெருகாகிறது.

அடுத்து, கிழவர் தம் சரக்கைக் கொணர்ந்தார். காலையில் இறக்கிய பனங்கள். அதன் செய்முறையை நான் நூற்றுக்கு நூறு அறிந்தவன் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன். ஆண் பனையும் பெண் பனையும் இரண்டுமே கள் தரும். பாளையை இறுக்கிக் கட்டி, நாட்கணக்காகத் தட்டியும் நெருக்கியும் பதப்படுத்தி, நுனியை மெல்லிய இதழாகச் சீவச்சீவத்தான் சாறு ஊறத் தொடங்குகிறது. தட்டு மிஞ்சினால் பாளை அழுகும், குறைந்தால் ஊறாது. காலையும் மாலையும் காலிலே தளநார் பூட்டி ஏறிச் சீவவேண்டும். ஒரு நேரம் தவறினாலும் வாய் அடைத்துப்போம். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால், முன்னைய கள்ளின் மதுவம் முட்டியிலேயே ஒட்டியிருப்பதால், சாறு துளித்துளியாய் விழும்போதே நொதிக்கத் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் நான்கைந்து சதவீத மதுசாரம் கொள்ளும். மறுநாள் புளிக்கும், அதன்பின் வினாகிரி.

“விடியக் கள்ளுக்கு ஒரு குணம், பின்னேரக் கள்ளுக்கு ஒரு குணம். உவர்த் தரையில நிக்கிற மரத்துக்கு வேற குணம். அந்தா, கழிக் கரையில நிக்கிறது என்ர அப்பர் ஏறின மரம், அது எப்பவும் ஒரு பிடி தித்திப்புக் கூட,” என்றார் கிழவர். பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கின்றனர்: தெருவா. நிலம், நீர், வெயில், காற்று, மனிதர் கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து பண்டத்துக்கு அளிக்கும் தன்மையே தெருவா. அச்சொல்லைச் சொல்லி உலகெங்கும் விலை கூட்டி விற்கின்றனர். கிழவர் சொன்னதும் அதுவே. ஆனால் அவருடைய கள் விற்கும் இடம் தவறணை. அங்கே எல்லா மரத்துக் கள்ளும் ஒரே பீப்பாயிற் கலக்கிறது.

இந்த வேற்றுமை எப்படி உண்டாயிற்று? பிரெஞ்சுக்காரர் பிறவியிலேயே மது பேணும் சாதியார் என்று எண்ணுவது பிழை. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி அந்நாட்டுக் கொடிகளைச் சூறையாடிற்று. அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டிலே பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவைத்தே தப்பினர். அந்தப் பஞ்ச காலத்தில் உலர்ந்த முந்திரிகையையும் சர்க்கரையையும் சாயத்தையும் கலந்த போலி மது சந்தையை நிரப்பிற்று. புதிய முந்திரிகையை நொதிக்கவைத்துப் பெற்றது ஒன்றே மது எனப்படும் என்று 1889இல் சட்டம் வந்தும் மோசடி ஓயவில்லை. 1907இல் தென்பிரான்சின் முந்திரிகைக் கமக்காரர் இலட்சக்கணக்கில் தெருவில் இறங்கினர். நார்பொன் நகரில் படையினர் சுட்டதில் உயிர்கள் போயின. ஒரு படைப்பிரிவே கலகஞ்செய்தது. இத்தனைக்கும் பிறகே, 1935இல், இன்ன ஊர்ப் பெயரை இன்ன நிலத்தில், இன்ன இனக் கொடியில், இன்ன முறையில் செய்த மதுவுக்கு மட்டுமே சூட்டலாம் என்ற சட்டம் நிலைபெற்றது. போத்தலின் மேல் இருக்கும் ஊர்ப்பெயர் வியாபாரியின் அலங்காரம் அன்று. வயிற்றுக்காகப் போராடியவர் வென்ற உரிமை.

எமது பக்கத்தில் கள் அரசினர் கண்ணுக்கு எக்காலமும் வரியாகவே தோன்றிவந்துள்ளது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் சாராயத்தைக் குத்தகைக்கு விட்டனர். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படையாய் இருக்கிறது. அச்சட்டத்தில் அனுமதி உண்டு, தண்டம் உண்டு. சுவை இல்லை, ஊர் இல்லை. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியதும், வடமராட்சித் திக்கத்தில் வடிசாலை அமைந்ததும், பனங்கள்ளைச் சூடேற்றிப் போத்தலில் அடைக்கும் முயற்சிகளும் பாராட்டுக்குரியன. அந்தச் சூடேற்றும் முறையும் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்ரர் தம் நாட்டு மது கெடாமற் காக்கக் கண்டறிந்ததே. சூடேறிய கள் முட்டிக்கள்ளின் உயிர்த்துடிப்பை இழந்துவிடுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலோ 1987 முதல் கள்ளுக்கே தடை. அதே மாநிலத்தில் 2003 முதல் அரசினர் நிறுவனமே சில்லறைக் கடை வைத்துச் சீமைச் சாராய வகைகளை விற்கிறது. மரத்திலிருந்து வருவது குற்றம், ஆலையிலிருந்து வருவது வருமானம் என்னும் இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை. கோவாவில் அப்படியன்று. அங்குள்ள மரமுந்திரிப் பழச் சாராயமாகிய பெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் கிடைத்தது. அக்கொடியை 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பர். இலங்கையின் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய காப்பளித்தது. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை.

மதுவைப் புகழ்ந்து ஓர் ஆசிரியன் எழுதலாமா என்ற கேள்விக்கு மறுமொழி சொல்ல வேண்டும். மதுவில் தீங்கற்ற அளவென்று ஒன்று இல்லை என 2023 சனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதை நான் மறுக்கவில்லை. மதுவுக்குப் பெயர்காப்புச் செய்த அதே பிரான்ஸ், 1991இல் மது விளம்பரங்களைக் கட்டுப்படுத்தவும் சட்டம் இயற்றிற்று. இரண்டும் ஒரு நாட்டில் ஒருங்கே நிற்கலாம் என்பதற்கு அதுவே சான்று. எங்கள் கரையோரக் கிராமங்களில் குடும்பங்களை அழிப்பது பெரிதும் கசிப்பு. அதைக் காய்ச்சுபவனுக்கு மரமேறத் தெரிய வேண்டியதில்லை. நிலமும் பருவமும் தெரிய வேண்டியதில்லை. கைத்தொழிலின் மானத்தைப் பறித்த இடத்தில் அது இலகுவாகக் குடியேறுகிறது என்பது என் எண்ணம். இதைப் புள்ளிவிபரத்தால் நிறுவ என்னால் ஆகாது, கண்டதைச் சொல்கிறேன்.

மானம் என்றேன். அதைப்பற்றி எனக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த மாணவரைப் பாடசாலையிற் சேர்த்த நாளில் இடாப்பு எழுதியவன் நான். தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். தகப்பனார் வாய்திறக்குமுன் நானே “கமம்” என்று எழுதினேன். பிள்ளையை மற்றப் பிள்ளைகளின் ஏச்சிலிருந்து காக்கிறேன் என்ற நினைப்பு. அவர் தலையாட்டினார். அன்று பிற்பகல் மகன் சொன்னார்: போர்தோவில் தம் முதலாளியின் பத்து வயது மகன் வகுப்பிலே எழுந்து நின்று, தன் தகப்பனும் பாட்டனும் முந்திரிகை வளர்த்து மது செய்பவர் என்று உரத்துச் சொல்வானாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், கோபமில்லை. இடாப்பை அவர் என்றோ வாசித்திருக்கிறார் என்று அப்போதுதான் அறிந்தேன்.

பிரான்சில் இன்று கொடி பிடுங்கும் கமக்காரருக்கு இழப்பீடு கிடைக்கிறது. அவர்கள் துயரைச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஏனெனில் அழிவது ஒரு தொழில் என்று அந்நாடு அறியும். எங்கள் பனைகள் போர்க்காலத்தில் காவலரணுக்கும் பதுங்குகுழிக்குமாகத் தறிக்கப்பட்டன. 2006இல் மாவிலாற்றில் மூண்ட போர் கொட்டியாரப் பற்றின் தென்பகுதி மக்களை மட்டக்களப்புப் பக்கம் துரத்திற்று. திரும்பி வந்தவருள் ஏறத்தெரிந்தவர் சிலரே. வழக்குத் தொடுக்கவும் இழப்பீடு கேட்கவும் அத்தொழிலுக்கு ஏட்டிலே பெயர் இருந்ததில்லை. என் கையெழுத்தும் அதற்கு உடந்தை.

போத்தல் முடியும் தறுவாயில் கிழவர் அதைத் தூக்கி, ஒட்டியிருந்த தாளைத் தடவிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மகன் வாசித்தார்: ஆண்டு, தோட்டத்தின் பெயர், ஊரின் பெயர், அவ்வூர்ப் பெயர் சட்டத்தாற் காக்கப்பட்டது என்னும் வாசகம், தோட்டத்திலேயே போத்தலில் அடைக்கப்பட்டது என்னும் உறுதி. கிழவர் சிறிது நேரம் கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்துவாரத்துப் பாறையின் மேல் போருக்குப்பின் எழுந்த வெண்ணிறத் தாதுகோபம் அங்கிருந்து தெரியும். தந்த தாது முதன்முதல் வந்திறங்கிய துறை இதுவென்பது சிங்கள மக்களின் ஐதிகம். வழிகாட்டிப் பலகையில் இப்போது இலங்கைத்துறை இல்லை, லங்காபட்டுன என்றிருக்கிறது. ஒரு துறைக்கு இரு மக்கள் இரு கதை சொல்வதில் எனக்கு வழக்கில்லை. ஒரு கதையின் பெயரை வைப்பதற்காக மற்றதன் பெயரை எடுத்துவிடுவதில்தான் வழக்கு.

“அப்ப தம்பி, நம்மட கள்ளையும் இப்பிடிப் போத்தல்ல அடைச்சா, எந்த ஊர்ப் பேரை ஒட்டுறது?” என்று கேட்டார் கிழவர்.

மகன் என்னைப் பார்த்தார். நான் குவளையின் அடியில் தங்கிய மண்டியைப் பார்த்தேன். மாலைச் சீவலுக்கு நேரமாயிற்று என்று கிழவர் தளநாரைத் தோளிலிட்டுக்கொண்டு எழுந்தார். வெறும் போத்தலை வினாகிரி விட்டு வைக்க உதவுமென்று குசினிக்குக் கொடுத்தனுப்பினார்.